யார் வீட்டுச் சுவர்?

சில ஆண்டுகளுக்கு முன், நான் அப்போது வேலை பார்த்த கல்லூரியில் ஒரு விசாரணைக் குழு கூடியது. அழைப்புக் கடிதத்தில் ‘பொருள்’ என்ற இடத்தில் ‘மாணவியர் கழிப்பறைச் சுவர் சேதம் தொடர்பாக’ என்று போட்டிருந்தார்கள். குழுவில் ஐந்து பேர். மேசைமேல் கைப்பேசியில் எடுத்த மூன்று படங்களின் அச்சுப் பிரதிகள். பக்கத்தில் இரண்டாமாண்டு மாணவியரின் விடைத்தாள் கட்டு. “பிள்ளைங்க கையெழுத்து உங்களுக்குத்தான் மேடம் நல்லா பழக்கம். கொஞ்சம் ஒப்பிட்டுப் பார்த்துச் சொல்லுங்க” என்றார் தலைவர். தமிழ்த்துறை ஆசிரியை என்பதால் நான் சேர்க்கப்பட்ட காரணம் அப்போதுதான் புரிந்தது.

படத்தில் இருந்தது ஒரே வரி. குறிப்பிட்ட ஓர் ஆசிரியரின் தலைப்பெழுத்தைப் போட்டு, ஆய்வகத்துக்கு அவர் அழைத்தால் தனியாகப் போகாதீர்கள் என்று நீல மார்க்கரில் எழுதியிருந்தது. அதன்கீழே கறுப்புப் பேனாவில் ‘எனக்கும்’. அதற்கும் கீழே, பென்சிலில், இன்னொரு கையெழுத்தில், இன்னொரு ‘எனக்கும்’.

‘அழைத்தால்’ என்பதிலுள்ள ழகரத்தைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. வாலை அடுத்த வரிவரை இழுத்துவிடும் அந்த ழகரத்தை இரண்டு பருவமாகச் சிவப்பு மையால் திருத்திக்கொண்டிருந்தவள் நான். “தெரியவில்லை” என்றேன். அந்தப் பொய்க்காக நான் வெட்கப்படவில்லை. அதற்குப் பிறகு நடந்ததற்காகத்தான் இன்றுவரை வெட்கப்படுகிறேன். எழுதியவர் யாரென்று தெரியாததால் விடுதி மாணவியர் எல்லோரிடமும் தலைக்கு 100 ரூபாய் தண்டம் வசூலிப்பது, கழிப்பறைச் சுவர்களில் ஆள் உயரத்துக்கு டைல்ஸ் பதிப்பது என்று தீர்மானம் எழுதினார்கள். இரண்டு பக்கத் தீர்மானத்தில் சுவரில் எழுதியிருந்த அந்த வரி எங்குமே இல்லை. அதன் அடியில் என் கையெழுத்து இருக்கிறது.

சுவரெழுத்தை நகரங்கள் எப்படித் தண்டிக்கின்றன என்று நான் தேடிப் படிக்க ஆரம்பித்தது அதற்குப் பிறகுதான். ஒரு கவிதையைச் சொல் சொல்லாகப் பிரித்து வகுப்பில் நடத்துவது போலவே சட்டங்களையும் படித்துப் பார்த்தேன். நியூயார்க் நகரம் 1970களில் தொடங்கி சுரங்க ரயில் பெட்டிகளிலிருந்த எழுத்தோடு மல்லுக்கட்டி, 1989இல் எழுத்துப் படிந்த கடைசிப் பெட்டியை ஓட்டத்திலிருந்து எடுத்தது. பிரெஞ்சுத் தண்டனைச் சட்டம், சேதம் சிறிதாக இருந்தாலும், அனுமதியில்லாமல் சுவரிலோ வண்டியிலோ சாலையிலோ எழுதியதற்கு 3,750 யூரோ வரை அபராதமும் பொதுநல வேலையும் விதிக்கிறது. டெல்லியின் 2007ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஓராண்டுவரை சிறை, அல்லது 50,000 ரூபாய்வரை அபராதம், அல்லது இரண்டும்.

டெல்லிச் சட்டத்தில் ஒரு விதிவிலக்கு இருக்கிறது. மை, சாக்பீஸ், பெயின்ட், வேறெந்தப் பொருளாலும் பொதுப்பார்வையில் படும் சொத்தில் எழுதுவது குற்றம். சொத்தின் உரிமையாளரோ குடியிருப்பவரோ தன் பெயரையும் முகவரியையும் எழுதிக்கொள்வதைத் தவிர. அதாவது ஒரு சுவர் யாருடையது என்று சொல்லும் எழுத்து மட்டும் சுவரை அசிங்கப்படுத்தாது. எத்தனை அம்மாக்கள், பாட்டிமார் பெயர் வீட்டு முகப்பில் இருக்கிறது என்று நம் தெருவை ஒருமுறை நடந்து பார்த்துக்கொண்டால் போதும். இந்த விதிவிலக்கு யாருக்கானது என்று விளங்கும்.

இவை எல்லாவற்றிலும் என்னை நிறுத்தி வைத்தது சிங்கப்பூர்ச் சட்டம். 1966இல் வந்த வேண்டலிஸம் சட்டம். பொதுச் சொத்திலோ தனியார் சொத்திலோ அனுமதியின்றிச் சொல், முழக்கம், கேலிச்சித்திரம், குறி என எதை எழுதினாலும் வரைந்தாலும் 2,000 வெள்ளிவரை அபராதம் அல்லது மூன்றாண்டுவரை சிறை. அதோடு மூன்று முதல் எட்டுவரை பிரம்படி என்று அது வகுத்தது. உலகம் இந்தச் சட்டத்தைத் தெரிந்துகொண்டது 1994இல், மைக்கேல் ஃபே என்ற 18 வயது அமெரிக்க இளைஞருக்குக் கார்களில் பெயின்ட் அடித்த வழக்கில் பிரம்படி விதிக்கப்பட்டபோது. அமெரிக்க அதிபர் கிளின்டன் கேட்டுக்கொண்டபின் ஆறு அடி நான்காகக் குறைந்தது. அன்றிலிருந்து சிங்கப்பூர் என்றாலே சுத்தம், சுத்தம் என்றாலே பிரம்பு என்று நம்மூர் டீக்கடை வரை பேச்சாகிவிட்டது. “இங்கயும் அப்படி நாலு போடு போட்டாத்தான் சரியாகும்” என்று சொல்லாத மாமா நம் வீடுகளில் உண்டா?

ஆனால் இந்தச் சட்டம் பிறந்தது சுத்தத்துக்காக மட்டும்தானா? ஜோதி ராஜா என்ற சட்ட ஆய்வாளர், சிங்கப்பூரின் சட்டங்களைப் பற்றி 2012இல் வெளியான தம் நூலில் ஓர் இயலையே இந்தச் சட்டத்துக்கு ஒதுக்கியிருக்கிறார். 1966இன் அரசியலுக்குள் வைத்து அவர் அதைப் படிக்கிறார். விடுதலை பெற்று ஓராண்டே ஆன நாடு. எதிரணியில் பாரிசான் சோசலிஸ் கட்சி. அதன் குரல் சுவர்களிலும் சுவரொட்டிகளிலும் கேட்டுக்கொண்டிருந்த காலம். அந்தக் குரலுக்கு எதிராக வந்த சட்டம், காலப்போக்கில் தூய்மைக்கான சட்டமாகத் தன்னைக் காட்டிக்கொண்டது என்பது அவர் வாதம். எனக்கு அது எங்கள் குழுக் கூட்டத்தை நினைவூட்டியது. அங்கேயும் எல்லோரும் அந்த வரியைப் படித்திருந்தோம். படித்ததால்தான் கூட்டமே கூடியது. ‘தேர்வு எப்போது முடியும்’ என்று எழுதியிருந்தால் யாரும் விடைத்தாள் கட்டைத் தூக்கிக்கொண்டு வந்திருக்க மாட்டார்கள். கூடிய பிறகு, பெயின்ட் செலவைப் பற்றி மட்டும் பேசினோம்.

சுவரெழுத்துச் சட்டங்களைப் பற்றி நான் சொல்ல விரும்புவது இதுதான்: அவை எழுத்தை முதலில் படித்துவிடுகின்றன, பிறகு படிக்காததுபோல் சுவரைப் பற்றிப் பேசுகின்றன.

சிங்கப்பூர்ச் சட்டத்தில் இன்னும் இரண்டு இடங்கள் பெண்கள் நின்று படிக்க வேண்டியவை. முதலாவது, அழியும் எழுத்துக்கு அது காட்டும் சலுகை. பென்சில், கிரேயான், சாக்பீஸ் போன்று அழிக்கக்கூடிய ஒன்றால் எழுதியிருந்தால் முதல் குற்றத்துக்குப் பிரம்படி கிடையாது. அழியாத பொருளால் எழுதினால் உண்டு. பெண்ணின் எழுத்தைப் பற்றி நம் வீடுகளில் உள்ள எழுதாத சட்டமும் இதுவேதான் என்று தோன்றியது. டைரியில் எழுதிக் கிழித்துப் போடலாம், மாவில் வரைந்து மிதிபட விடலாம். நிற்கிற மாதிரி எழுதினால்தான் வம்பு. எங்கள் கழிப்பறைச் சுவரில் மூன்றாவதாக எழுதியவள் ஏன் பென்சிலை எடுத்தாள் என்று நான் பலமுறை யோசித்திருக்கிறேன். அவளுக்கு எந்தச் சட்டமும் தெரிந்திருக்காது. பயத்துக்குத் தெரியும், எது அழியும் என்று.

இரண்டாவது, பெண்களுக்குப் பிரம்படி இல்லை என்பது. இது இந்தக் குற்றத்துக்கு மட்டுமான சலுகையல்ல. அந்நாட்டின் குற்றவியல் நடைமுறையில் எந்தக் குற்றத்துக்கும் பெண்ணைப் பிரம்பால் அடிக்க முடியாது, 50 வயதைத் தாண்டிய ஆணையும் முடியாது. யாருக்கும் அடி விழக்கூடாது என்பதே என் நிலை. பெண்ணுக்கும் சமமாக அடி கொடு என்று கேட்கும் சமத்துவம் எனக்கு வேண்டாம். ஆனால் 1966இன் சட்டம், பிரம்படியைக் கட்டாயமாக்கிவிட்டு, சுவரில் எழுதுகிறவர் என்று யாரை மனதில் வைத்திருந்தது என்பது இதில் தெரிகிறது. கையில் பெயின்ட் டப்பாவோடு ஓடும் ஓர் இளைஞன். சாலையில் எழுதிவிட்டு நிற்கும் ஒரு பெண் அதன் கற்பனையில் இல்லை.

கற்பனையில் இல்லாதது 2012இல் நடந்தது. சிங்கப்பூரின் மேக்ஸ்வெல் சாலை, ராபின்சன் சாலைப் பக்கம் தரையில், அச்சுத்தகடு வைத்து வெள்ளைப் பெயின்டில் ‘மை கிராண்ட்ஃபாதர் ரோடு’ என்று எழுதப்பட்டிருந்தது. பாதசாரிகள் சாலையைக் கடக்க அழுத்தும் பொத்தான்களின்மேல் சின்னச் சின்ன ஸ்டிக்கர்கள்: ஒருமுறை அழுத்தினால் போதும் என்கிற மாதிரியான கிண்டல்கள், அவ்வூர்ப் பேச்சு ஆங்கிலத்திலேயே. அந்த ஆண்டு ஜூன் மாதம் கைதானவர் சமந்தா லோ. பத்திரிகைகள் வைத்த பெயர் ‘ஸ்டிக்கர் லேடி’. கலைஞர்களும் பொதுமக்களும் ஆயிரக்கணக்கில் மனுவில் கையெழுத்திட்டார்கள். கடைசியில் வழக்கு வேண்டலிஸம் சட்டத்தின்கீழ் நடக்கவில்லை. சொத்துக்குக் குந்தகம் விளைவித்தது என்ற, அதைவிட லேசான தண்டனைச் சட்டப் பிரிவில் நடந்தது. 2013இல் தீர்ப்பு: 240 மணி நேரச் சமூக சேவை.

அந்த மூன்று சொற்களைத் தமிழ் வாசகிக்கு விளக்கவே வேண்டியதில்லை. சிங்கப்பூரில் ஒருவர் சாலை நடுவில் அசைந்து நடந்தால், ‘இது உன் தாத்தா ரோடா?’ என்று கத்துவார்களாம். நாம் ‘உங்கப்பன் வீட்டு ரோடா?’ என்போம், கோபம் கூடினால் ‘பாட்டன் சொத்தா?’ என்போம். கேள்விக்கு ஒரே பதில்தான் உண்டு: இல்லை, ஒதுங்கிப் போ. சாலையில் எழுதியவர் அந்தக் கேள்வியிலிருந்து கேள்விக்குறியை எடுத்துவிட்டார். ‘என் தாத்தா ரோடு.’ ஒதுங்கச் சொன்ன குரலே ஒரு சாலைப் பெயர்ப் பலகைபோல, அரசாங்க அறிவிப்புபோல தரையில் படுத்துக் கிடக்கிறது. வசவை வாங்கிப் பட்டயமாக மாற்றுவது எளிதில் கைவராத கவி வித்தை. பொறாமையோடுதான் சொல்கிறேன்.

ஆனால் ஏன் தாத்தா? இரண்டு மொழியிலும் வசவுக்குக்கூட அப்பனும் பாட்டனும்தான் வருகிறார்கள். ‘உங்க ஆத்தா வீட்டு ரோடா?’ என்று யாரும் கேட்டு நான் கேட்டதில்லை. ஆத்தாவுக்கு ரோடு இருக்கக்கூடும் என்ற சந்தேகமே மொழிக்கு வரவில்லை. பாட்டன் சொத்தில் பேத்திக்கும் பங்குண்டு என்று தமிழ்நாட்டின் திருத்தச் சட்டம் சொன்னது 1989இல். இந்தியா முழுமைக்குமான திருத்தம் 2005இல். பங்கு கேட்ட அக்கா தங்கைகளோடு பேச்சுவார்த்தையை முறித்துக்கொண்ட வீடுகளை இன்றும் நமக்குத் தெரியும். அப்படியிருக்க ஒரு பெண் பெயர் சூட்டப்பட்ட கை, தாத்தாவின் சாலையைத் தன்னுடையது என்று எழுதியதை நான் கிண்டலாக மட்டும் படிக்க மாட்டேன். உரிமை கேட்டு எழுதியதாகவும் படிப்பேன்.

நம்மூருக்கு வருகிறேன். இங்கேயும் சட்டம் இருக்கிறது. தமிழ்நாடு திறந்தவெளிகள் உருக்குலைவதைத் தடுக்கும் சட்டம் 1959இலேயே வந்துவிட்டது. சிங்கப்பூர்ச் சட்டத்தைவிட இது ஒருவகையில் நேர்மையானது. ‘ஆட்சேபகரமான விளம்பரம்’ என்று உள்ளடக்கத்தையே முதலில் பேசுகிறது. எழுத்தைப் படித்துவிட்டுத்தான் வந்திருக்கிறேன் என்று ஒப்புக்கொள்கிறது. உரிமையாளரின் எழுத்துப்பூர்வமான சம்மதம் இல்லாமல் எழுதுவது அதற்கு அடுத்த குற்றம். ஆனால் நம் தெருக்களில் சுவர்களை ஆள்வது இந்தச் சட்டமா? தேர்தலுக்கு ஓராண்டு முன்பே சுண்ணாம்படித்துக் கட்சிப் பெயரும் ஆண்டும் போட்டு ‘ரிசர்வ்’ செய்துவைத்த சுவர்களைப் பார்க்காதவர் யார்? வீட்டுக்காரரிடம் எந்தச் சம்மதக் கடிதமும் வாங்கியிருக்க மாட்டார்கள். வீட்டுக்காரரும் கேட்டிருக்க மாட்டார். ‘நோட்டீஸ் ஒட்டாதீர்’ என்று எழுதிய இடத்திலேயே கண்ணீர் அஞ்சலி ஒட்டுகிறோம். ஆண்கள் சிறுநீர் கழிக்காமலிருக்க மதில் நெடுக மும்மதச் சாமி டைல்ஸ் பதிக்கிறோம். சுவர் சட்டத்துக்குப் பணியாத இடத்தில் சாமிக்காவது பணியட்டும் என்று விட்டுவிடுகிறோம். சுவரைப் பயன்படுத்துவதில் இத்தனை தாராளம் உள்ள ஊரில், எந்த எழுத்துக்குப் போலீஸ் வந்தது என்று பார்த்தால், சட்டம் எதைப் படிக்கிறது என்பது தெரிந்துபோகும்.

2019 டிசம்பர் 29ஆம் தேதி காலை. சென்னை பெசன்ட் நகர். குடியுரிமைத் திருத்தச் சட்டத்தை எதிர்த்துச் சில பெண்கள் தெருவில் கோலம் போட்டார்கள். கோலத்தோடு எதிர்ப்புச் சொற்கள். போலீஸ் அவர்களைப் பிடித்துவைத்துப் பிறகு விட்டது. மறுநாள் எதிர்க்கட்சித் தலைவர்கள் வீட்டு வாசலிலேயே அந்தக் கோலம் வந்தது. மார்கழி மாதம் அது. சென்னையில் அன்று எத்தனை ஆயிரம் வாசல்களில் பொதுத்தெருவின்மீது, யார் அனுமதியும் இல்லாமல், பெண்கள் கோலம் போட்டிருப்பார்கள்! காலங்காலமாக யாரையும் பிடித்ததில்லை. அரிசிமாவு சேதமாக்குகிற பொருள் அல்ல. எறும்பு தின்னும், சைக்கிள் அழிக்கும். சிங்கப்பூரின் சட்டம்கூட அழியும் பொருளுக்குக் கொஞ்சம் இரங்கும். அன்றைக்கு மாவில் சொல் வந்து உட்கார்ந்துகொண்டது, அவ்வளவுதான் வேறுபாடு. புள்ளியும் கோடுமாக இருக்கும்வரை அது பண்பாடு. வாக்கியமானதும் அனுமதி தேவைப்படும் விஷயம்.

இவ்வளவு சொன்னதால் சுவரில் எழுதுகிற எல்லாமே விடுதலை எழுத்து என்று நான் வாதாடுவதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ரயில் கழிப்பறைக் கதவில் என் தோழியின் பெயரையும் கைப்பேசி எண்ணையும் எழுதியவனும் அனுமதியில்லாமல்தான் எழுதினான். அவள் எண்ணை மாற்றினாள். பிறகு வேலையையும் மாற்றினாள். அந்த எழுத்தை அழிக்கவும் எழுதியவனைப் பிடிக்கவும் சட்டம் வேண்டும்தான். பேருந்து நிறுத்தச் சுவரில் சாதிப் பெயரைப் பெரிதாக எழுதி ஊரைப் பங்கு போடுகிறவர்களிடமும் எனக்கு எந்தப் பரிவும் இல்லை. இங்கேயும் குற்றம் பெயின்டில் இல்லை என்பதைத்தான் கவனிக்கச் சொல்கிறேன். தோழியின் எண்ணை எழுதியவனை ‘ரயில்வே சொத்துச் சேதம்’ என்று தண்டித்தால் கதவுக்கு நீதி கிடைக்கும், அவளுக்குக் கிடைக்காது. இரண்டு எழுத்தையும் பிரித்தறிய ஒரே வழி, படிப்பது. யார், யாரைப் பற்றி, யாரிடம் சொல்ல முடியாமல் எழுதினார் என்று கேட்பது.

இன்னொரு கேள்வி எனக்குள்ளேயே நெடுநாள் இருந்தது. சுவரில் எழுதுவதை நாம் கொண்டாடிவிட்டுப் போய்விடலாம், அழிப்பது யார்? பெரும்பாலும் ஒப்பந்தக் கூலியில் வேலை பார்க்கும், பெரும்பாலும் தலித்தான, ஒரு பெண். எழுதுகிறவளின் துணிச்சலுக்கு அவள் ஏன் இடுப்பொடிய வேண்டும்? இதற்கு நேர்மையான பதில் சொல்லாமல் பெண்ணியக் கட்டுரை எழுதக்கூடாது என்று நினைத்திருந்தேன். பதில் எனக்கு எங்கள் கழிப்பறையைச் சுத்தம் செய்த அக்காவிடமிருந்து கிடைத்தது. டைல்ஸ் வேலை முடிந்த வாரம், தனியாக இருந்தபோது, “அந்தச் செவுத்துல எழுதுனது உங்களுக்குத் தொந்தரவா இருந்துச்சாக்கா?” என்று கேட்டேன். வாளியைக் கீழே வைத்தார்.

“தின்னர் போட்டுத் தேச்சா அஞ்சு நிமிசம் மேடம். நான்தான் ரெண்டு வாரம் அழிக்காம விட்டு வெச்சிருந்தேன். யாராச்சும் பெரியவங்க படிப்பாங்கன்னு.”

எங்கள் வளாகத்தில் சுவரைப் படிக்க வேண்டிய விதத்தில் படித்தவர் அவர் ஒருவர்தான். சம்பளத்துக்கு ஆபத்து என்று தெரிந்தும் இரண்டு வாரம் அதைக் காவல் காத்திருக்கிறார். நாங்கள், முனைவர் பட்டம் பெற்ற பெரியவர்கள், படித்ததும் முதலில் கேட்டது ‘கையெழுத்து யாருடையது?’

பணியிடத்தில் பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013ஆம் ஆண்டுச் சட்டம், புகார் எழுத்து மூலமாக இருக்க வேண்டும் என்கிறது. எங்கள் மாணவி எழுத்து மூலமாகத்தான் சொல்லியிருந்தாள். வெள்ளைத் தாளில் இல்லை, கையெழுத்து இல்லை, ‘பெறுநர்’ இல்லை. கையெழுத்திட்டால் என்ன ஆகும் என்பது அவளுக்குத் தெரிந்திருந்தது. நாங்கள் அந்தக் கையெழுத்தைத் தேடிய வேகமே அவள் அச்சம் சரியென்று நிரூபித்தது. பெயரில்லாத எழுத்தை வைத்து ஒருவரைத் தண்டிக்கக் கூடாது, அது நியாயம். ஆனால் பெயரில்லாத எழுத்தை வைத்து விசாரிக்கத் தொடங்கலாம். இரண்டு ‘எனக்கும்’ இருந்த சுவரைப் படமெடுத்து, தேதி போட்டு, சுண்ணாம்பு அடிப்பதற்கு முன் உள்புகார்க் குழுவின் மேசைக்கு அனுப்பியிருக்கலாம். அந்த ஆய்வகத்தின் கதவைத் திறந்துவைக்கச் சொல்லியிருக்கலாம். மாணவியரை யாரும் உடனில்லாத நேரத்தில் அழைக்கக் கூடாது என்று ஒரு சுற்றறிக்கை போட்டிருக்கலாம். இவற்றில் எதற்கும் புதிய சட்டம் தேவைப்பட்டிருக்காது.

நான் செய்யவில்லை. என் மாணவியைக் காட்டிக்கொடுக்காததையே பெரிய காரியமாக எண்ணிக்கொண்டு வீட்டுக்குப் போனேன். அந்த ஆசிரியர் அடுத்த ஆண்டு பணி ஓய்வு பெற்றார். கவிஞர் என்பதால் வழியனுப்பு விழாவுக்கு வாழ்த்துப்பா எழுதித் தரும்படி என்னைக் கேட்டார்கள். காய்ச்சல் என்று விடுப்பு எடுத்துக்கொண்டேன். அதுவும் பென்சிலால் எழுதிய எதிர்ப்புதான்.

இப்போது வேறு கல்லூரியில் இருக்கிறேன். இதைப் படிக்கும் மாணவிகளில் யாராவது நாளைக்கு ஒரு குழுவில் உட்காரக்கூடும். உட்கார வேண்டும் என்பதே என் ஆசை. மேசைமேல் ஒரு சுவரின் படத்தை வைப்பார்கள். பெயின்ட் செலவு எவ்வளவு என்று பேச்சு தொடங்கும். அப்போது அந்த வரியை ஒருமுறை உரக்கப் படியுங்கள். படித்ததைத் தீர்மானத்தில் எழுதச் சொல்லுங்கள். எழுத மறுத்தால் கையெழுத்துப் போடாதீர்கள்.

அந்த டைல்ஸ் வெளிர் நீல நிறம். அதில் மார்க்கர் ஒட்டாது என்று கடைக்காரர் உறுதி சொல்லியிருந்தார். நான் அங்கிருந்து கிளம்பிய வாரத்தில் பார்த்தேன்: டைல்ஸ் முடிந்து சுண்ணாம்புச் சுவர் தொடங்கும் இடத்தில், எட்டி எழுதிய உயரத்தில், ஒரு வரி இருந்தது. யார் கையெழுத்து என்று நான் பார்க்கவில்லை. என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்தேன். தேதி போட்டு, உள்புகார்க் குழுவுக்கு என் பெயரில் கடிதம் எழுதினேன்.